வலது காலின் வேலை

பெடல்தான் கோளாறு, வேறொன்றுமில்லை. பல் டாக்டர் இன்பராஜ் இதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, வெறும் வலது காலைப் புதுப் பெடலின் மேல் வைத்தார். ரப்பர் சில்லென்றிருந்தது. எழும்பூரில் ஒரு டயர் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது கலீலின் இசைக்கருவிக் கடை. மதிய நேரம், வேறு ஆள் இல்லை. அவருக்கு முன்னால் நிற்பது அவருடைய சொந்தப் பெடல் ஸ்டீல் கிட்டார். வீட்டிலிருந்து காரில் வந்து, கலீலும் டயர் கடைக்காரர் ஒருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க, மாடிப்படி ஏறி வந்தது. ஒரு பெடல் வாங்க எதற்கு இத்தனை பாடு என்று மனைவி பியூலா கிளம்பும்போதே கேட்டாள். செருப்பு வாங்கப் போகிறவன் காலை வீட்டில் வைத்துவிட்டா போவான் என்றார் இவர். அந்தக் கால் முப்பது கிலோ இருக்காதே என்றாள் அவள். கல்யாணமான நாளிலிருந்து கடைசி வார்த்தை அவளுடையதுதான், அதில் அவருக்குப் பெரிய வருத்தமும் கிடையாது. இப்போது அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, விலை போகாத ஒரு டிரம் செட்டின் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். கலீல் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த மூன்று பெடல்களை, மீனைக் கூறு போட்டு வைத்த மாதிரி தரையில் வரிசையாக வைத்திருக்கிறான். மூன்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு போனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஆகத்தான் வேண்டும்.

இந்தக் கிட்டாரை மடியில் வைத்துக்கொள்ள முடியாது, தோளில் மாட்டவும் முடியாது. மேஜை மாதிரி நாலு காலில் நிற்கும். மேலே பத்துக் கம்பி. இடது கையில் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு உருண்டை இரும்பு, அதற்குப் பார் என்று பெயர், அதைக் கம்பிகளின் மேல் வழுக்கிக்கொண்டே போக வேண்டும். வலது கை விரல்களில் உலோக நகம் மாட்டி மீட்ட வேண்டும். இடது காலுக்குக் கீழே சில மிதிகள், முழங்கால் இரண்டுக்கும் இடிக்க நெம்புகோல்கள். பியூலாவின் தம்பி அமெரிக்காவிலிருந்து இதை அனுப்பி, பெட்டியைப் பிரித்து நிறுத்தியபோது பியூலா சுற்றிச் சுற்றி வந்து, ‘இதுல ஜாக்கெட் தைக்கலாமா?’ என்று கேட்டாள். இத்தனையும் போக வலது காலுக்கென்று ஒரே ஒரு வேலை மிச்சமிருக்கிறது. அதுதான் வால்யூம் பெடல், சத்தத்தைத் திறக்கிறதும் மூடுகிறதும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் ஒரு கம்பியை மீட்டின அந்தக் கணத்திலேயே அதன் சத்தம் சாக ஆரம்பித்துவிடுகிறது, அதைத் தடுக்க யாராலும் முடியாது. கம்பி இறங்க இறங்கக் கால் மெல்லத் திறந்துகொண்டே போக வேண்டும். அது எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவுதான் இது ஏறலாம், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கேட்கிறவனுக்கு இறங்கியதும் தெரியக்கூடாது, ஏறியதும் தெரியக்கூடாது. ஒரு ஸ்வரம் முடிவே இல்லாமல் நின்றுகொண்டிருக்கிறது என்று அவன் நம்ப வேண்டும். இன்பராஜ் இதை நினைக்கும்போதெல்லாம் புல்லரித்துப் போவார். இவ்வளவு பெரிய காரியத்தைக் கடவுள் கையிடம் கொடுக்காமல் காலிடம் கொடுத்தாரே என்று தோன்றும்.

முதல் பெடலைத் திறந்தார், மீட்டினார். தங்கமாக எழுந்தது. ஐந்தாவது கம்பி, ஆம்ப் பெட்டி வழியாகக் கடை முழுக்கப் பரவி, சுவரில் தொங்கின வயலின்கள்கூட லேசாக முனகின மாதிரி இருந்தது. ஆ, என்றார் வாய்விட்டு. கால் தானாகவே திறக்க ஆரம்பித்தது, போகிறது, போகிறது, இதோ மேல் ஸ்வரக் கம்பிக்குத் தாவி அதையும் பிடித்து, அங்கேதான், நடு வழியிலேயே, கீழே நழுவுகிற மாதிரி சத்தம் மெலிந்தது. காலை அழுத்தினார். பார்த்தீர்களா, இந்தப் பெடலிலும் அதே நோய், நடுவில் ஒரு பள்ளம். மலிவுச் சரக்கு. உள்ளே நூலைச் சுற்றி ஒரு திருகை ஓட்டுகிற பழைய ஏற்பாடு, நூல் தளர்ந்திருக்கும். மனசில் ஒரு நிம்மதி, குற்றவாளி அகப்பட்ட நிம்மதி, கூடவே அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று, புதுப் பெடலில் எப்படித் தளரும். அதைப் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டுப் பழைய பெடலைப் போன வாரம் சாப்பாட்டு மேஜையில் கவிழ்த்துப் போட்டுத் திறந்து, பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடியும் கொக்கி ஊசியும் டார்ச்சுமாக உட்கார்ந்து ஓரம் ஓரமாகச் சோதித்தார். அழுக்கைச் சுரண்டினார், துடைத்தார், ஊதினார். சொத்தையே இல்லை. தேய்மானம் என்று ஒரு கோடுகூட இல்லை. வாயைத் திறந்து காட்டிவிட்டு எல்லாப் பல்லும் நன்றாக இருக்கிறது என்று கேள்விப்படுகிற நோயாளியின் முகம் அன்று அவருக்கே வந்தது, ஏனென்றால் வலி மட்டும் நிஜம். அப்போதும் பெடல்தான் என்றார். சில சொத்தை வேருக்கடியில் இருக்கும், எக்ஸ்ரேயில்தான் தெரியும்.

கோளாறு என்று முதலில் சொன்னது மெர்சிதான், சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவள், பள்ளிக்கூட டீச்சர், வாய் நிறைய மரியாதை. ஆராதனை முடிந்து வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து, ‘டாக்டர், ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? கடைசில ஏன் தூக்குறீங்க?’ என்றாள். எதை என்றார். ‘சவுண்டைத்தான். நோட்டு அது பாட்டுக்கு அழகாப் போய்ட்டே இருக்கு. திடீர்னு உப்புது. சபையில எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க.’ உப்புகிறதாம். பூரியா என்ன, உப்புவதற்கு. பெடல் பழசாகிவிட்டதம்மா என்று சொன்னபோது அவள் ரொம்ப வேகமாக ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள். அந்த வேகம்தான் இத்தனை நாளும் தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது. நிஜமாகவே பெடல் என்று நினைத்திருந்தால் அவள் ஏன் அவ்வளவு வேகமாகத் தலையாட்ட வேண்டும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் தனக்கு ஆடத் தெரியும், அதில் சந்தேகமே இல்லை, ஒரு காலத்தில் இதே கால் ஸ்வரத்தைக் கண்ணாடி மாதிரி வைத்துக்கொண்டு போகும். அப்படியானால் கூடம்தான் கோணல். கூடத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதன் பெயரைச் சொல்ல வேண்டாம்.

‘டாக்டர், ரெண்டாவதைப் பாருங்க. இதுல நூலு, திருகு ஒண்ணும் கிடையாது. உள்ளே வெளிச்சத்தை வெச்சு வேலை செய்யுது. தேயவே தேயாது’ என்று கலீல் குனிந்து வயரை மாற்றினான். வெளிச்சம். காலை வைத்ததும் வழுக்கிக்கொண்டு இறங்கியது, மிதிக்கிறோமா இல்லையா என்றே தெரியவில்லை. தண்ணீரில் காலை விட்ட மாதிரி. மூடிவைத்துக்கொண்டு மீட்டினார், அப்புறம் திறந்தார். ஸ்வரம் எங்கிருந்தோ வந்தது. ஆரம்பமே இல்லாமல் வந்தது. இதைத்தான் அவர் முதன்முதலில் டெக்சாஸில் கேட்டது. மச்சான் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குப் போயிருந்தபோது ஒரு சின்ன சர்ச் மண்டபம், மடக்கு நாற்காலிகள், காப்பி வாசனை, ஒரு பருத்த அம்மாள் தொப்பி வைத்துக்கொண்டு இதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பாட்டு தொடங்குவதற்காக எல்லாரும் காத்திருந்தார்கள், அவரும் காத்திருந்தார், கொஞ்ச நேரம் கழித்துத்தான் பாட்டு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது என்று புரிந்தது. எப்போது தொடங்கியது? கம்பியைத் தொட்ட சத்தமே கேட்கவில்லையே. பொழுது விடிவதை யாராவது இந்த நிமிஷம் என்று காட்ட முடியுமா, அந்த மாதிரி. எல்லாரும் அவள் கையைப் பார்த்தார்கள். இவர் மட்டும் காலைப் பார்த்தார், தொழில் புத்தி. கறுப்புச் செருப்பு, வீங்கின கணுக்கால், அது மூச்சு விடுகிற வேகத்தில் அசைந்தது. இன்பராஜுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பியூலா என்னங்க என்னங்க என்று கைக்குட்டையை நீட்டினாள். இவருடைய வலது காலும் பாதி வாழ்க்கையாக ஒரு பெடலை மிதித்துத்தான் சோறு போடுகிறது, பல் ராவுகிற டிரில்லின் பெடல். மிதித்தால் கீச்சென்று சுற்றும், எடுத்தால் நிற்கும். அந்தக் கீச்சைக் கேட்டாலே பெரிய பெரிய ஆட்கள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவார்கள், ஒரு போலீஸ்காரர் அம்மா என்று அழுதிருக்கிறார். மனிதர்களை நடுங்கவைத்தே பழகின இந்தக் காலால் மனிதர்களை அந்த மாதிரி அமைதியாக்கவும் முடியுமா என்று அன்று தோன்றிய ஆச்சரியம் இன்னும் போகவில்லை. அதே கால், அதே விரல்கள், அதே வெடித்த குதிகால்.

இரண்டாவது பெடல் அற்புதமாகப் போய்க்கொண்டிருந்தது. மேல் கம்பி. திறந்துகொண்டே போனார். வெளிச்சமாம், தேயவே தேயாதாம், போ, போ, நில்லாதே, அங்கே மறுபடியும் அது மெலிந்தது. நழுவியது. இல்லாமல் போகப் போகிறது. காலை அழுத்தினார். கலீலின் புருவம் உயர்ந்ததைப் பார்த்தார். சிகரெட் பிடித்துக் கறுத்த பல்வரிசை, கீழ் முன்பல் ஒன்று திரும்பியிருக்கிறது, எத்தனை தடவை வந்து காட்டச் சொல்லியாயிற்று. அந்தப் பல்லுக்குப் பின்னாலிருந்து வார்த்தை வந்தது. ‘சூப்பரா இருக்கு டாக்டர். ஆனா ஒண்ணு, கடைசில ஏன் தூக்குறீங்க?’ அப்படியே மெர்சியின் வார்த்தை. இவனுக்கு மெர்சியைத் தெரியாது, மெர்சிக்கு இவனைத் தெரியாது. பெடலும் வேறு. இன்பராஜ் குனிந்து பெடலைப் பார்த்தார். பயந்துவிட்டார், அதைச் சொல்வதற்கு என்ன வெட்கம், நாற்காலியில் சாய்த்து வாயைத் திறக்கச் சொன்னால் எவன் பயப்பட மாட்டான். மூன்றாவது இருக்கிறதே என்றார். குரல் அவருக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

அந்தப் பெயரில்லாத மூன்றாவது சங்கதி இப்போது சட்டையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தது. கிளினிக்கில் கருவிகளை வேகவைக்கிற பெட்டி வேலை முடிந்ததும் பீப் பீப் என்று கூப்பிடும், கொஞ்ச காலமாக அது கூப்பிடுவதில்லை, ரிப்பேர் என்று இருந்துவிட்டார். ஆனால் நர்ஸ் கோமதி உள்ளறையிலிருந்து சரியாக எழுந்து வந்து அதை அணைக்கிறாள். எப்படி வருகிறாள்? சுறுசுறுப்பான பெண் என்று சம்பளத்தை ஏற்றினார். இந்த வருஷம் நம் ஏரியாவில் கொசுவே இல்லை, கார்ப்பரேஷன்காரன் நன்றாக வேலை செய்கிறான் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் வாசலில் நின்று சொன்னபோது, அந்த மனிதர் கையிலும் கழுத்திலும் அடித்துக்கொண்டே இவரை ஏற இறங்கப் பார்த்தார். சென்னையில் கொசு இல்லை என்று கண்டுபிடித்த முதல் மனிதன் என்று சிலைதான் வைக்க வேண்டும். கூடப் படித்த நண்பன் ஒருவன் காது டாக்டர், ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, டிரில் சத்தம் மேல் ஸ்வரங்களைத்தான் முதலில் தின்னும், நம் ஆட்கள் நிறையப் பேருக்கு இருக்கிறது, ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போடா என்று சொன்னான். போகிறேன் என்று பாயசத்தை ஊற்றிக்கொண்டார். போகவில்லை. தன்னிடம் வருகிறவர்களைத் தள்ளிப்போடாதீர்கள், தள்ளிப்போட்டால் வேர் போகும் என்று மிரட்டுகிற அதே வாய். காது போனால் நோயாளிகளுக்கு ஒன்றுமில்லை, பல்லைக் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இது? கம்பி எவ்வளவு இறங்கியது என்று காது சொன்னால்தானே கால் அவ்வளவு ஏறும். காதே பொய் சொன்னால் காலுக்கு யார் சொல்வது. அவருக்குக் கேட்காமல் போகிற இடத்தில் ஸ்வரம் சாகிறது என்று நினைத்துக்கொண்டு, நன்றாக உயிரோடு இருக்கிறதைப் போய்த் தூக்கிக்கொண்டு அலைகிறார், அதனால்தான் உப்புகிறது. இது உண்மையானால் வாசிப்பதை விட்டுவிட வேண்டும். கிட்டாரைத் துணி போட்டு மூடி வைக்க வேண்டும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்ன இருக்கிறது, அந்த நாளின் பிரமிப்பு போய்விட்டால் வாரம் பூராவும் வெறும் பல்தான்.

மூன்றாவது பெடல் கறுப்பு, தட்டை, கனம். மிதித்தால் கஞ்சத்தனமாகத் திறந்தது. பாதி தூரம் அழுத்தியும் கொஞ்சம்தான் கொடுத்தது, இன்னும் அழுத்தினால் இன்னும் கொஞ்சம். காலை எடுத்தால் விட்ட இடத்திலேயே அசையாமல் நின்றது. சீ, இது என்ன, அரிசிக் கடைக்காரன் கை மாதிரி. மீட்டினார். எழுந்தது, போனது, மெலிந்தது. அதே இடத்தில். இந்தத் தடவை காலை அழுத்தவில்லை. கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். கலீல் ஏதாவது டீ சொல்லட்டுமா என்று கேட்டான். பியூலா இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டால் என்ன என்று தோன்றியது. பிறகு, எங்கிருந்து வந்ததோ, தொழில்காரன் புத்தி ஒன்று வந்தது. கிளினிக்கில் ஊசி போட்டபின் யாரிடமும் வலிக்கிறதா என்று இவர் கேட்பதில்லை, வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு எப்படிப் பதில் சொல்வார்கள். வலித்தால் கையைத் தூக்குங்கள் என்பார். கை பொய் சொல்லாது.

‘ரெண்டு பேரும் இங்க வாங்க’ என்றார். ‘நான் ஒரு கம்பியை ஒரே ஒரு தடவை மீட்டப்போறேன். காலை அசைக்க மாட்டேன். சத்தம் உங்களுக்கு எப்ப நிக்குதோ அப்பக் கையைத் தூக்குங்க. ஒருத்தரை ஒருத்தர் பாக்கக்கூடாது.’

‘எதுக்குங்க?’ என்றாள் பியூலா.

‘சும்மா. பெடலைச் சோதிக்க.’

கலீல் ஏசியை அணைத்தான். ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து பியூலாவோடு எதிரே உட்கார்ந்தான். பார் கம்பியின் மேல் பட்டும் படாமலும் உட்கார்ந்தது. மேல் கம்பியைத்தான் மீட்டினார், ஏமாற்றக்கூடாது என்று. சத்தம் எழுந்து கடையை நிறைத்து, உடனே தன் வழியில் இறங்க ஆரம்பித்தது. இறங்கட்டும். கால் துடித்தது, ஏற வேண்டும் ஏற வேண்டும் என்று பழக்கத்தில் துடித்தது, அதை இருந்த இடத்தில் இருத்தி வைத்தார். நூலாக மெலிந்தது. நூலிலும் பாதியானது. நின்றது. நின்றுவிட்டது என்று நிமிர்ந்து பார்த்தார். இரண்டு பேரின் கைகளும் மடியில் இருந்தன. மறந்துவிட்டார்களா? இல்லை, அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கலீல் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தான். பியூலாவின் கண் பாதி மூடியிருந்தது, உதடு லேசாகத் திறந்திருந்தது, ஜெபத்தில்கூட அவள் முகத்தில் இவர் காணாத ஓர் அடக்கம். இவருக்கு இல்லாத ஒன்று அந்த அறையில் இருந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம். ஐயோ, இன்னுமா. இன்னும் இருக்கிறதா. ஒரு வீட்டின் ஜன்னலுக்கு வெளியே நின்று உள்ளே சாப்பிடுகிறவர்களைப் பார்க்கிற மாதிரி இருந்தது, அழுகை வந்தது, அதற்கு மேல் வந்தது ஆச்சரியம், ஏனென்றால் அவர் மீட்டிய ஸ்வரம் அது, அவருக்குத் தெரியாமலேயே அவ்வளவு நீளமாக இருந்திருக்கிறது, எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளாக. அப்போதுதான் இடது கை விரல்நுனியில் அதை உணர்ந்தார். பாரின் இரும்பு வழியாக ஒரு கூச்சம். எறும்பு ஊர்கிறதைவிட மெல்லிசாக. கம்பி நடுங்கிக்கொண்டுதான் இருந்தது, அந்த நடுக்கத்தை இரும்பு விரலிடம் சொல்லிக்கொண்டிருந்தது, எப்போதுமே சொல்லியிருக்கும், காது இருக்கிற தைரியத்தில் விரலை யார் கேட்டார்கள். மூச்சுவிடப் பயமாக இருந்தது. குறைகிறது. இன்னும் இருக்கிறது. மினுக்கென்று ஒன்று. அடங்கியது. கலீலின் கை எழுந்தது. ஒரு மூச்சு கழித்து பியூலாவின் கை எழுந்தது.

இன்பராஜ் பாரைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். மறுபடி மீட்டி, இந்த முறை கண்ணையும் மூடிக்கொண்டு, காதை நம்பாமல் விரலை நம்பிக் காலைத் திறந்தார். விரலில் கூச்சம் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு. கஞ்சப் பெடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தது, அவசரப்படுத்தினாலும் கூடக் கொடுக்காமல் அதுவே பிடித்து வைத்தது. அவருக்குச் சத்தம் பாதியிலேயே போய்விட்டது. அதற்குப் பின் இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறவர் மாதிரி வெறும் விரலோடு போனார், போய்க்கொண்டே இருந்தார், எங்கே போகிறோம் என்று தெரியாமல், ஆனால் தரை இருக்கிறது, காலுக்கு அடியில் தரை இருக்கிறது. முடிந்தது என்று விரல் சொன்னபோது கண்ணைத் திறந்தார். கலீல் எழுந்து நின்றிருந்தான். ‘இப்பத் தூக்கவே இல்ல டாக்டர். அப்படியே போச்சு. மழை விட்ட மாதிரி நின்னுச்சு’ என்றான். இதை இவர் கேட்கவில்லை, வாசித்துக்கொண்டார், அவன் வாய் அசைவிலும் கண்ணிலும். எவ்வளவு நாளாக இப்படி வாய்களை வாசித்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தார். வாயைப் பார்ப்பது தொழில் என்பதால் தனக்கே தெரியாமல் நடந்திருக்கிறது.

‘இதுதான். இந்தக் கறுப்பு’ என்றார். கலீல் அதை எடுத்துத் துடைத்து அட்டைப் பெட்டியில் வைக்கத் தொடங்கினான். பியூலா அவன் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். கிட்டாரை எப்படி இறக்குவது என்பதைப் பற்றியாக இருக்கும், கையால் படிக்கட்டைக் காட்டினாள். அவன் பதில் சொன்னான். அவள் சிரித்தாள், மறுபடி ஏதோ சொன்னாள். இன்பராஜ் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தைகூட அவருக்கு வந்து சேரவில்லை. நாலடி தூரம். கலீலுக்கு நன்றாகக் கேட்கிறது, அவன் காதில் கை வைத்துக்கொள்ளவில்லை, முன்னால் குனியவும் இல்லை. அவள் ரகசியம் பேசவில்லை, சாதாரணமாகப் பேசுகிறாள். பிறகு அவள் இவர் பக்கம் திரும்பினாள். திரும்புகிற அந்த ஒரு கணத்தில் அவள் நெஞ்சு மூச்சை இழுத்து நிரம்பியதையும், கழுத்தின் இரண்டு பக்கமும் நரம்பு எழுந்ததையும், தாடை கொஞ்சம் கூடுதலாக இறங்கியதையும் பார்த்தார். ‘கிளம்பலாமாங்க?’ தெளிவாகக் கேட்டது. எப்போதும் போலக் கேட்டது. நேற்று மாதிரி, போன வருஷம் மாதிரி, டெக்சாஸ் மண்டபத்தில் கைக்குட்டையை நீட்டியபோது மாதிரி. பக்கத்திலிருந்த டிரம்மின் தோல் அந்தச் சத்தத்தில் அதிர்ந்ததைக் கண்டார். இவ்வளவு சத்தமா. இவ்வளவு சத்தமாகவா இவள் என்னோடு பேசுகிறாள்.

அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஒரு நாளில் ஏற்றியிருந்தால் தெரிந்திருக்கும், ஏன் கத்துகிறாய் என்று சண்டை போட்டிருப்பார். வருஷக்கணக்கில், இவருக்கு எவ்வளவு இறங்கியதோ அவ்வளவு மட்டும், ஒரு இழைகூடக் கூடாமல், இவருக்குத் தெரியாமல் ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறாள். காப்பி வேணுமா என்பதில், சாவியை எடுத்தீங்களா என்பதில், ஜெபத்தில், சண்டையில், படுக்கையில். ஒரு இடத்திலும் உப்பவில்லை. இந்த வித்தையைத் தான் ஒரு மேஜையின் முன்னால் உட்கார்ந்து பத்துக் கம்பியோடு மல்லுக்கட்டிக் கற்றுக்கொள்ளப் பார்த்தோம், இவள் சமையலறையில் நின்றுகொண்டே செய்திருக்கிறாளே என்று நினைத்தபோது அவருக்கு அவளைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது, கோயிலில் நிற்கிற மாதிரி இருந்தது.

‘எத்தனை வருஷமா பியூலா?’

‘எதுங்க?’ என்றாள். உடனே புரிந்துகொண்டாள். கைப்பையின் வாரைத் திருகினாள். ‘தெரியல. கணக்கு வெச்சேனா என்ன? நீங்க ஒரு நாள் சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டதுக்கு வரல. கோவமாக்கும்னு நெனச்சேன். அப்புறம் கொஞ்சம் சத்தமாக் கூப்பிட்டா வந்தீங்க. அவ்வளவுதான்.’

‘சொல்லியிருக்கலாமே.’

‘சொன்னா நீங்க அந்தத் தையல் மிஷினை விட்டுடுவீங்க’ என்றாள்.

‘தொண்டை வலிக்கலையா?’

‘சாயங்காலம் ஆனாக் கட்டிக்கும். நீங்க கிளினிக்ல இருந்து வர்றதுக்குள்ள வெந்நீர் வெச்சுக் கொப்புளிச்சுக்குவேன்.’

இன்பராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் படிக்கட்டில் கலீலும் டயர் கடைக்காரரும் கிட்டாரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பாதிக்கு மேல் இறங்கிவிட்டார்கள். யாருக்கும் கேட்கக்கூடாது என்று இன்பராஜ் பியூலாவின் பக்கம் சாய்ந்து, தான் மிக மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, ‘நாளைக்கே காதைக் காட்டிடுவோம். மெஷின் மாட்டச் சொன்னா மாட்டிக்கிறேன். நீ தொண்டைக்கு ஓய்வு குடு’ என்று சொன்னார். அவள் திடுக்கிட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். படிக்கட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். என்ன, என்றார் இவர். அவள் மூச்சை இழுத்தாள், கழுத்து நரம்பு எழப்போனது, எழவில்லை. குரலை ஏற்றாமல் இன்னும் கிட்டே வந்து, காதில் உதடு படுகிற மாதிரி குனிந்து, ‘நல்ல முடிவு டாக்டர்ங்கறான் கலீல், கீழ இருந்து’ என்று தன் சொந்தக் குரலில் சொன்னாள்.